‘அரி’ – ஒலி ஒன்று, வேர் பல



இப்பாடத்தை ஒரு பிழைதிருத்தத்தோடு தொடங்குகிறோம். அது அச்சுப்பிழை அன்று. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாம் வகுப்பில் செய்த பிழை.

சென்ற கோடை விடுமுறையில் எம் ஊர்ச் சினாலயத்தின் முன்மண்டபத்தில் சிறுவர் பேச்சுப் போட்டி நடைபெற்றது. நடுவர்களுள் ஒருவராக யாமும் அமர்ந்திருந்தோம். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் தடங்கலின்றிப் பேசினான். “எப்பொழுதும் நம் அருகில் இருப்பதால் அவர் அருகன் எனப்பட்டார்” என்று அவன் கூறியபோது மண்டபம் முழுவதும் கைதட்டல் எழுந்தது. முதற்பரிசும் அவனுக்கே கிடைத்தது. “இதை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தார்?” என்று கேட்டோம். “எங்கள் ஆயா” என்றான். அந்த ஆயா எம் பழைய மாணவி. ஆசிரியப் பயிற்சி முடித்து வந்த புதிதில், மாலை வகுப்பில் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் யாமே!

கற்பித்தது மூன்றாம் தலைமுறை வரை வாழ்ந்திருப்பது ஓர் ஆசிரியைக்கு மகிழ்ச்சி தரவேண்டும். அன்று எமக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஏனெனில் அவ்விளக்கம் தவறானது. ‘அருகு’ என்னும் தமிழ்ச் சொல்லுக்கும் ‘அருகன்’ என்னும் திருப்பெயருக்கும் எவ்வகைப் பிறப்புறவும் இல்லை. ஒலி ஒத்திருக்கிறது, அவ்வளவே.

இத்தகைய பிழை எவ்வாறு நேர்கிறது, அதனைத் தவிர்ப்பது எவ்வாறு என்பதே இன்றைய பாடம். ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க’ என்பது ஆசிரியப் பயிற்சியில் யாம் முதலில் கற்ற நெறி. ஆதலால் நம் சமையலறையிலிருந்தே தொடங்குவோம். எடுத்துக்கொள்ளும் சொல், ‘அரி’.

ஒலி சில, பொருள் பல

நம் ஊர்களில் தெருவுக்கு ஒரு ஜெயபால் உண்டு. பெயர் ஒன்று என்பதற்காக அவர்கள் அனைவரையும் ஒரு தாய் மக்கள் என்று எவரும் கூறுவதில்லை. “எந்த வீட்டு ஜெயபால்?” என்று கேட்டுத் தெளிகிறோம். சொற்களிடத்தும் அவ்வாறே கேட்டல் வேண்டும்.

தமிழில் உயிர் 12, மெய் 18. பிற மொழிகளிலும் ஒலிகள் சில பத்துகளே. அச்சிறு தொகையைக்கொண்டு ஒவ்வொரு மொழியும் பல்லாயிரம் பொருள்களைக் குறிக்க வேண்டியிருக்கிறது. உலகில் இன்று ஏறத்தாழ 7,000 மொழிகள் வழங்குகின்றன. ஆகவே இரண்டு மூன்று ஒலிகளால் ஆன ஒரு குறுஞ்சொல் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மொழிகளில் மீண்டும் மீண்டும் தோன்றுவது வியப்பன்று. தோன்றாதிருந்தால்தான் வியப்பு.

ஒரு சொல் பல பொருள் தருவதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தொல்காப்பியர் திரிசொல்லை இருவகைப்படுத்தி, ஒரு பொருள் குறித்த பல சொல்லையும் பல பொருள் குறித்த ஒரு சொல்லையும் வேறு பிரித்தார். சமணப் புலவராகிய மண்டலபுருடர் தம் சூடாமணி நிகண்டின் 11-ஆம் தொகுதியை ஒருசொற் பல்பொருட் பெயர்களுக்கே ஒதுக்கினார். நிகண்டு மனப்பாடத்திற்காக அமைந்த நூல். ஓர் ஒலிக்குரிய பொருள்கள் அனைத்தையும் அது ஒரு கூடையில் இட்டுத் தரும். அப்பொருள்கள் எந்தெந்த வீட்டிலிருந்து வந்தன என்று கூறுவது அதன் வேலையன்று. அதனைப் பின்வந்த சொற்பிறப்பு அகராதிகள் மேற்கொண்டன.

தமிழ் வீட்டு ‘அரி’கள்

காலையில் நம் இல்லத்தரசியர் அரிவாள்மணையில் காய் அரிகின்றனர். இங்கு ‘அரி’ என்பதற்கு வெட்டுதல் என்பது பொருள். பின்னர் அரிசியைக் களைந்து கல் போக அரிக்கின்றனர். இங்கு நீரிலிட்டுப் பிரித்தெடுத்தல் என்பது பொருள். கொல்லைக் கதவைக் கறையான் அரிக்கிறது. உடம்பில் சிரங்கு அரிக்கிறது. இடையே ‘அரிய பொருள்’ என்றும் பேசுகிறோம்.

இவற்றைப் பிரித்தறிய எளிய சோதனைகள் உண்டு.

முதற்சோதனை, இறந்தகாலம். “காய் அரிந்தாள்” என்போம். “காய் அரித்தாள்” என்னோம். “கறையான் அரித்தது” என்போம், “அரிந்தது” என்னோம். ஏவலில் ஒன்றுபோல் நிற்கும் இரு வினைகளும் இறந்தகாலத்தில் தம் வேறுபாட்டைக் காட்டிவிடுகின்றன.

இரண்டாம் சோதனை, சுற்றம். வெட்டும் ‘அரி’யின் சுற்றம் அரிவாள், அரிவாள்மணை. ‘அரிய’ என்பதன் சுற்றம் அருமை, அரிது. ஒன்றன் சுற்றத்தார் மற்றொன்றன் வீட்டுக்குள் புகுவதில்லை.

மூன்றாம் சோதனை, உடன்பிறந்த மொழிகள். தமிழில் ‘அரிசி’ என்பதை மலையாளத்தார் ‘அரி’ என்பர், துளுவிலும் ‘அரி’, கன்னடத்தில் ‘அக்கி’. இம்மொழிகளின் சான்றை ஒப்பிட்ட பர்ரோவும் எமனோவும் தம் திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் (1961, திருத்திய பதிப்பு 1984) அரிசிக்குத் தனிப் பதிவும் வெட்டுதலுக்குத் தனிப் பதிவும் அமைத்தனர். “அரிந்தெடுத்த நெல்லிலிருந்து வருவதால் அரிசி” என்று யாமும் ஒருகால் சொல்லியதுண்டு. கேட்பதற்கு இனிது, ஆனால் சான்று அவ்வாறு கூறவில்லை.

சிரவணபெளகுளம் சென்ற அன்பர்களுக்கு இன்னொரு ‘அரி’ காதில் விழுந்திருக்கும். கன்னடத்தில் ‘அரிவு’ என்றால் அறிவு. ‘அரி’ என்றால் அறிதல். பழங்கன்னடத்தில் நம்முடையதைப் போன்றே வல்லின றகரம் இருந்தது. பிற்காலத்தில் அது இடையின ரகரத்தோடு கலந்துவிட்டது. ஆகவே கன்னடத்து ‘அரி’ நம் ‘அறி’யின் உடன்பிறப்பு, நம் ‘அரி’யின் உடன்பிறப்பன்று. றகர ரகர வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு வலியுறுத்திச் சொல்வது கையெழுத்து அழகுக்காக மட்டுமன்று என்பதை இதனால் உணரலாம்.

வடமொழியிலிருந்து வந்த இரண்டு

வடமொழியில் ‘ஹரி’ என்றொரு சொல்லும் ‘அரி’ என்றொரு சொல்லும் வேறு வேறாக உள்ளன. அவற்றை ஒன்றுபோல் ஆக்கியது தமிழ் எழுத்துமுறை. ஹகரம் தமிழில் இல்லாமையால், சொல்லின் முதலில் அது அகரமாகும், இடையில் ககரமாகும் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் விதி வகுத்தார். அவ்விதியால் ‘ஹரி’ நம்மிடம் ‘அரி’ ஆயிற்று.

‘ஹரி’ என்பது முதலில் ஒரு நிறத்தின் பெயர். மஞ்சளும் பழுப்பும் பசுமையும் தழுவிய நிறம் அது. அந்நிறத்தால் சிங்கம், குதிரை, குரங்கு முதலியனவும் அப்பெயர் பெற்றன. திருமாலுக்கும் அது பெயராயிற்று. இன்று நகரந்தோறும் இயங்கும் ‘அரிமா சங்கம்’ என்னும் பெயரில் நாம் காண்பதும் சிங்கத்தைக் குறிக்கும் அரியே.

மற்றொரு வடசொல்லாகிய ‘அரி’ பகைவனைக் குறிக்கும். சிங்கமும் பகைவனும் தமிழில் ஒரே எழுத்துகளில் எழுதப்படுகின்றன. வடமொழியில் அவற்றிடையே குழப்பமே இல்லை.

இனி, ஹரியின் உண்மையான உறவினரைப் பாருங்கள். ஆங்கிலத்தில் மஞ்சளைக் குறிக்கும் ‘எல்லோ’, பொன்னைக் குறிக்கும் ‘கோல்டு’ ஆகிய இரண்டும் அதன் தூரத்து உறவுகள். ஒலியில் ஒற்றுமையே இல்லையே என்று ஐயுறலாம். ஆனால் வடமொழியில் ஹகரம் நிற்குமிடத்தில் ஆங்கிலத்தில் ககரமோ யகரமோ நிற்பது ஓர் ஒழுங்கு. அன்னத்தைக் குறிக்கும் ‘ஹம்ஸ’ அங்கே வாத்தினத்தைக் குறிக்கும் ‘கூஸ்’ என நிற்கிறது. நேற்று எனப் பொருள்படும் ‘ஹ்யஸ்’ என்பதன் உறவு ‘எஸ்டர்டே’ என்பதன் முற்பகுதியில் உள்ளது. ஒரு சொல்லில் மட்டும் காணும் ஒற்றுமை தற்செயலாக இருக்கலாம். பல சொற்களில் ஒரே மாற்றம் ஒரே முறையில் நிகழ்ந்திருப்பின் அதுவே சான்று. 1786-இல் வில்லியம் ஜோன்ஸ் வடமொழிக்கும் கிரேக்கம் இலத்தீன் முதலியவற்றிற்கும் உள்ள உறவைச் சுட்டினார். 1816-இல் எல்லிஸ் தென்மொழிகள் தனிக் குடும்பம் என்று காட்டினார். 1856-இல் கால்டுவெல் அக்குடும்பத்தின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். இத்துறை வளர்ந்தது ஒலிமாற்ற ஒழுங்கைக் கண்டதனால். ஒலியொற்றுமையைக் கண்டு வியந்ததனால் அன்று.

கடல் கடந்த ‘அரி’கள்

கரும்பலகையில் யாம் எழுதுவதுபோல் வரிசையாகத் தருகிறோம்.

எபிரேய மொழியில் ‘அரி’ – சிங்கம்.
ஜப்பானிய மொழியில் ‘அரி’ – எறும்பு.
துருக்கி மொழியில் ‘அரி’ போன்று ஒலிக்கும் சொல் – தேனீ.

முதலாவதைக் கண்டவுடன் உள்ளம் துள்ளுகிறதன்றோ? ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று! ஆயினும் உறவில்லை. எபிரேயச் சொல் செமித்தியக் குடும்பத்தது. அரமேய மொழியில் ‘அர்யா’ என்பதும் அதன் இனம். நம் நிகண்டுகளில் சிங்கம் எனப் பொருள்படும் ‘அரி’யோ ‘ஹரி’ என்னும் நிறப்பெயரிலிருந்து வந்தது. அதன் முதலெழுத்துத் தமிழில் உதிர்ந்தபின்னரே இரண்டும் ஒன்றுபோல் ஆயின. இருவேறு ஊர்களிலிருந்து புறப்பட்ட இருவர் ஒரு சத்திரத் திண்ணையில் சந்தித்ததைப் போன்றது இது. இரண்டாவதைக் கண்டு, “எறும்பு அரிக்கும், ஆகவே அது நம் சொல்லே” என்று ஒருவர் கட்டுரை எழுதிவிடலாம். மூன்றாவதைக் கண்டு, “எறும்பும் தேனீயும் சிற்றுயிர்களே; ஆகவே துருக்கியரும் ஜப்பானியரும் ஓரினம்” என்று மற்றொருவர் எழுதலாம். இவ்வாறு எழுதத் தொடங்கினால் எந்த இரு மொழியையும் ஒரு மாலைப்பொழுதில் உறவாக்கிவிட முடியும். எல்லாவற்றையும் மெய்ப்பிக்கும் முறை எதனையும் மெய்ப்பிப்பதில்லை.

“எல்லாச் சொல்லும் தமிழே” என்பாரும் “எல்லாச் சொல்லும் வடமொழியே” என்பாரும் இவ்வகையில் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருவரும் ஒலியைக் கேட்கின்றனர். சொல் வந்த வழியைக் கேட்பதில்லை.

‘அருகன்’ வந்த வழி

இப்பொழுது எம் பிழைக்கு வருவோம். வடமொழியில் ‘அர்ஹ்’ என்னும் வேர் தகுதியுடையதாதல், மதிப்புக்குரியதாதல் என்னும் பொருளைத் தரும். அதிலிருந்து பிறந்தது ‘அர்ஹத்’ – தகுதியுடையவர், வழிபாட்டிற்குரியவர். இது தமிழில் ‘அருகன்’ ஆனது எவ்வாறு? பவணந்தியாரின் விதிகள் இரண்டே போதும். ரகரமும் மற்றொரு மெய்யும் இணைந்து வருமிடத்து ரகரத்தின்பின் உகரம் தோன்றும்; ‘தர்மம்’ தருமம் ஆவதும் ‘கர்மம்’ கருமம் ஆவதும் இவ்விதியாலேயே. இடையில் வரும் ஹகரம் ககரமாகும் என்பதை முன்னரே கண்டோம். அர்ஹன், உகரம் பெற்று, ஹகரம் ககரமாகி, அருகன் ஆயிற்று. பக்கம் எனப் பொருள்படும் ‘அருகு’ம், குறைதல் எனப் பொருள்படும் ‘அருகுதல்’ வினையும் தமிழுக்கே உரியவை. இவற்றிற்கும் அத்திருப்பெயருக்கும் தொடர்பில்லை. பூசைக்குரிய புல் ‘அறுகு’. அதற்கு வல்லின றகரம்.

அப்படியாயின் அருகனின் உண்மையான சுற்றம் தமிழில் இல்லையா? உண்டு. அது நாள்தோறும் நம் நாவில் இருக்கிறது. “அதைச் சொல்ல உனக்கு அருகதை இல்லை” என்கிறோமே, அந்த ‘அருகதை’ தகுதியைக் குறிக்கும் ‘அர்ஹதா’ என்பதன் தமிழ் வடிவம். பூசையில் நாம் அளிக்கும் ‘அர்க்கியம்’ என்பதும் மதிப்பு, விலை எனப் பொருள்படும் ‘அர்க’ என்பதிலிருந்து வந்து இவ்வேரையே சாரும். பௌத்தர் வாயிலாக இச்சொல் கீழ்த்திசை சென்று சீனத்தில் ‘லோஹான்’ என்றும் ஜப்பானில் ‘ரகான்’ என்றும் ஆயிற்று. பக்கத்திலிருக்கும் ‘அருகு’ அயலாராகவும், கடல் கடந்த ‘லோஹான்’ உறவினராகவும் நிற்கும் விந்தையைப் பாருங்கள்!

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. “அருகில் இருப்பவர்” என்று விளக்கும்போது, அழைத்தவுடன் வந்து துணைநிற்கும் ஒருவராக அருகப்பெருமானைப் பிள்ளைகள் எண்ணத் தொடங்குவர். நம் அறநெறியோ அவரை விருப்பு வெறுப்பற்ற வீதராகர் என்று கூறுகிறது. அவர் எவர் அருகிலும் வந்து நிற்பவரல்லர். அவர் காட்டிய வழியில் நாமே நடத்தல் வேண்டும். வேரில் நேர்ந்த ஒரு பிழை கொள்கையையே கோணலாக்கிவிட்டது. ஐம்பதாண்டுகளாக எம்மை அறியாமல் யாம் செய்துவந்தது இதுவே.

பிறப்பு வேறு, உரை வேறு

இங்கு ஓர் அன்பர் வினவலாம்: “அரி என்றால் பகை, வினைப் பகைவரை வென்றதால் அரிஹந்தர் என்று பெரியோர் கூறியுள்ளனரே, அதுவும் பிழையோ?”

நல்ல வினா. பிராகிருதத்தில் ரகரத்தையும் ஹகரத்தையும் சேர்த்து ஒலிப்பது வழக்கமன்று. இடையே ஓர் உயிர் புகும். அவ்வுயிர் அகரமானால் ‘அரஹந்த’, இகரமானால் ‘அரிஹந்த’, உகரமானால் ‘அருஹந்த’. 12-ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரர் தம் பிராகிருத இலக்கணத்தில் இம்மூன்று வடிவங்களையும் ஏற்றுக்கொண்டார். ஒடிசாவின் உதயகிரியில் காரவேல மன்னனின் ஹாதிகும்பாக் கல்வெட்டு அகரம் பெற்ற வடிவோடு தொடங்குகிறது. ஆகவே பிறப்பினால் ‘அரிஹந்த’ என்பதிலுள்ள இகரம் ஒலிப்பு எளிமைக்காக வந்த விருந்தினரே; பகைவனைக் குறிக்கும் ‘அரி’ அங்கில்லை.

ஆனால் உரையாசிரியர்கள் அறியாமல் எழுதியவர்கள் அல்லர். வீரசேனர் தம் தவளா உரையில் பகையை அழித்தவர் என்னும் விளக்கத்தையும் தந்தார்; வழிபாட்டிற்குத் தகுதியுடையவர் என்னும் விளக்கத்தையும் தந்தார். ‘அருஹந்த’ என்னும் வடிவிற்கு, மீண்டும் பிறவியாய் முளைக்காதவர் என்று உரை கூறியோரும் உண்டு. ஒரு பெயரின் ஒலியைக் கைவிளக்காகக் கொண்டு ஒரு கோட்பாட்டைக் காட்டுவது உரைமரபு. காதி வினைகள் நான்கையும் அழித்தவர் என்பது நம் கொள்கைக்கு முற்றும் இயைந்த உண்மை. எனவே அவ்வுரை பொருளால் உண்மை, சொற்பிறப்பால் அன்று. “அருகில் இருப்பவர்” என்னும் எம் விளக்கமோ பிறப்பாலும் பிழை, பொருளாலும் பிழை.

ஆகவே பிள்ளைகளுக்குக் கற்பிப்போர் இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டுகிறோம். “இச்சொல் இவ்வாறு பிறந்தது” என்பது ஒன்று. “இச்சொல்லைக் கொண்டு பெரியோர் இவ்வாறு விளக்கினர்” என்பது மற்றொன்று. ஒன்றை மற்றொன்றாகக் கூறாதவரை இரண்டிற்கும் வகுப்பில் இடமுண்டு.

சிறுவனின் வினா

போட்டி முடிந்து இரண்டு நாள் கழித்து அச்சிறுவனின் வீட்டிற்குச் சென்றோம். எம் பழைய மாணவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். யாம் வந்த காரியத்தைக் கூறினோம். அவள் சற்று நேரம் பேசவில்லை. “நீங்கள் சொன்னதாயிற்றே என்று நான் யாரிடமும் கேட்டதில்லை, டீச்சர்” என்றாள். அச்சொல் எம்மைச் சுட்டது. கேளாமல் நம்புமாறு கற்பித்ததும் எம் குறையே.

சிறுவன் முழுவதையும் கேட்டுவிட்டு, “டீச்சர் ஆயா, அப்படியென்றால் பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமா?” என்றான். “வேண்டாம். பரிசு நீ பேசியதற்கு. திருத்தம் நான் சொன்னதற்கு” என்றோம். அவன் அத்தோடு விடவில்லை. பரிசாகப் பெற்ற குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் ‘அருகு’ என்றும் ‘அருகதை’ என்றும் எழுதச் செய்து, எது அருகனின் சுற்றம் என்று எம்மையே குறியிடச் சொன்னான். குறியிட்டோம். அதே திருத்தத்தை அன்று கைதட்டிய அனைவருக்குமாக இங்கே எழுதியிருக்கிறோம்.

இல்லத்தில் செய்ய ஒரு பயிற்சி

கீழுள்ள இணைகளுள் உறவுடையது எது, ஒலி மட்டும் ஒத்தது எது? பெரியவர்கள் விடையை மறைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கேட்கலாம்.

1. தருதல் – தருமம்
2. கருமை – கருமம்
3. சமம் – சமணர்
4. அருகன் – அருகதை
5. தமிழ் ‘எட்டு’ – ஆங்கில ‘எய்ட்’

விடைகள்:

1. உறவில்லை. தருமம் வடமொழியில் தாங்குதல் எனப் பொருள்படும் வேரிலிருந்து வந்தது. “தருவதால் தருமம்” என்பது பிற்கால விளக்கம்.
2. உறவில்லை. கருமம் என்பதன் வேர் செய்தலைக் குறிக்கும், நிறத்தைக் குறிக்காது.
3. உறவில்லை. ‘சிரமண’ என்பது உழைத்தல், தவத்தால் வருந்துதல் எனப் பொருள்படும் வேரிலிருந்து வந்தது. சமநோக்கு என்னும் விளக்கம் உரைவகையைச் சார்ந்தது.
4. உறவுண்டு. இரண்டும் தகுதியைக் குறிக்கும் ஒரே வேரின் மக்கள்.
5. உறவில்லை. எண்பது, எண்ணூறு என்பவற்றில் நம் எட்டின் வேராகிய ‘எண்’ வெளிப்படுகிறது. ஆங்கிலச் சொல்லின் உறவு வடமொழி ‘அஷ்ட’ என்பதோடு.

ஐந்திற்கும் சரியான விடை கூறும் பிள்ளைகளைப் பாராட்டுங்கள். “இதற்குச் சான்று என்ன?” என்று திருப்பிக் கேட்கும் பிள்ளை இருந்தால், அவனை இன்னும் ஒருமடங்கு கூடுதலாகப் பாராட்டுங்கள்.